ஐம்பத்திரண்டாவது பெட்டி

என் கணவர் அனந்தராமன் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் வரைபடப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு வரைவதற்கு எதுவும் இல்லாமல் வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கோட்டூர்புரத்தில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கி, மயிலாப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்வது என்று முடிவானதும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. அளவு நாடாவை எடுத்தார். பீரோவை அளந்தார், கட்டிலை அளந்தார், கிரைண்டரை அளந்தார். ஒருநாள் நாடாவும் கையுமாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் சமையலறையை விட்டுப் போய்விட்டார்.

கடைசியில் எங்கள் குடித்தனம் ஐம்பத்திரண்டு உருப்படி என்று கணக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் ஒரு படம், நீள அகல உயரம், லாரியில் எந்த மூலை, எந்தப் பக்கம் மேலே, எத்தனையாவதாக ஏற வேண்டும் என்கிற விவரம். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலுக்குள். கனமானது கீழே, லேசானது மேலே, கண்ணாடிக்கு நடுவில் போர்வை. ஒரு சாண் இடம்கூடக் காலியாக விடக் கூடாதாம்; விட்டால் வண்டி குலுங்கும்போது சாமான்கள் நடமாட ஆரம்பித்துவிடுமாம். இதையெல்லாம் சாப்பிடும்போது எனக்கு விளக்குவார். ரசம் ஆறிப் போகும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மாமியார் வீட்டில் மூன்று வருஷம், அப்புறம் இருபத்தாறு வருஷம், நான்கு வாடகை வீடுகள். சுவரில் ஆணி அடிக்காதே, ராத்திரி மிக்சி போடாதே, துணியை அந்தக் கொடியில் உலர்த்தாதே என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான். சொந்த வீட்டில், நல்ல நேரத்தில், என் அடுப்பில், என் கையால் பால் பொங்க வேண்டும். அதற்குப் பிறகு கூரை இடிந்து விழுந்தாலும் கவலை இல்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், விற்றவர் சாவியைக் கொடுத்ததே வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளி காலை பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அது முடிவதற்குள் அஷ்டமி பிறந்துவிடும். சனிக்கிழமை நவமி. ஞாயிறு எனக்கு ஆகாத நட்சத்திரம். திங்கள் மார்கழி. மார்கழியில் யாராவது குடி போவார்களா? மயிலாப்பூர் வீட்டுக்கோ அடுத்த குடித்தனக்காரர் வெள்ளி சாயங்காலமே வருகிறார். ஆக, வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் பால் பொங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் இல்லை.

"விடிகாலம்பற ஆட்டோல போய்ப் பாலைக் காய்ச்சிட்டு வந்துடலாமே" என்றேன்.

"எதுக்கு ரெண்டு அலைச்சல்? ஒரே லோடு, ஒரே ட்ரிப். எட்டு மணிக்குக் கிளம்பினா எட்டே முக்காலுக்கு அங்க இருப்போம். உனக்கு முழுசா ஒண்ணே முக்கால் மணி நேரம் கையில இருக்கும்" என்றார் இவர்.

நான் ஒப்புக்கொண்டேன். அது என் முதல் தப்பு. இரண்டாவது தப்பைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் கரீமுல்லா பாய் வண்டியோடு வந்துவிட்டார். ராயப்பேட்டைக்காரர். இருபது வருஷமாக வீடு மாற்றும் தொழில். சொந்த வண்டி, அவரே டிரைவர். மழைக்காலம் என்பதால் நாலு பக்கமும் மூடிய கன்டெய்னர் வண்டியாகக் கொண்டுவந்திருந்தார். பின்பக்கம் மட்டும் கதவு. கூடவே சாமான் தூக்க ஆண்டனி. பட்டினப்பாக்கத்து ஆள், நாற்பது வயசிருக்கும், ஒற்றைக் கதவு வழியாக நேராக நுழைய முடியாத தோள்.

இவர் ஃபைலை நீட்டினார். பாய் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இன்னா சார் இது, பரிச்சைக்குப் படிக்கிற மாறி கீது?" என்று சிரித்தவர், போகப் போகச் சிரிப்பை நிறுத்தினார். "ஆனா வரிசை கரீட்டா கீது சார். நம்ம லைன்ல கீற ஆளு போட்ட மாறியே கீது."

இவருக்குத் தரையில் கால் பாவவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் மேனேஜர் ஒருதரம்கூட இப்படிச் சொன்னதில்லையாம். சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் ஃபைலை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் கண் நின்றது. 'உருப்படி 52. சுவாமி பெட்டி.'

"ஏன்னா, இது என்ன?"

"எது?"

"சாமிக்கு அம்பத்திரெண்டாவது இடமா?"

"ரத்னா, அது வந்து..."

"அம்பத்தொண்ணாவது என்னன்னு பாருங்கோ. விளக்குமாறு! விளக்குமாத்துக்கு அப்புறம்தான் ராமர் பட்டாபிஷேகமா? நன்னா இருக்கு."

"இது மரியாதைக் கணக்கு இல்லேடி. லாரின்னா என்னன்னா..."

"பேசாதீங்கோ."

அவர் வாயை மூடிக்கொண்டார். இருபத்தொன்பது வருஷப் பழக்கம். பாய் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அது இன்னான்னா..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்கோ பாய்" என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த ராமர் படத்தைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லமா. சாமி மேட்டரு. நீங்க சொன்னா சரி" என்றார். ஆண்டனி மழை வருமா என்று வானத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்து 52 என்பதை அடித்துவிட்டுப் பெரிதாக 1 என்று போட்டேன். எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையோ மளிகைச் சீட்டோ, பிள்ளையார் சுழி போடாமல் எதுவும் ஆரம்பித்ததில்லை. லாரி மட்டும் என்ன உசத்தி?

சாமிப் பெட்டி முதலில் ஏறியது. வண்டியின் முன்கோடியில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சுவரை ஒட்டி உட்கார்ந்தது. ராமர் படம், குத்துவிளக்கு, பால் காய்ச்சும் சின்ன வெண்கலப் பானை, உப்பு, மஞ்சள், தீப்பெட்டி எல்லாம் அதற்குள். அக்னியும் தெய்வம்தானே என்று கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் அதன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். பால் பாக்கெட்டும் ஒரு டம்ளரும் நாலு பேப்பர் கப்பும் மட்டும் என் கைப்பையில்.

ஆண்டனி அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சாமிப் பெட்டியின் மேல் வைக்கப் போனார். "அடப் பாவமே, சாமி தலைமேலயா!" என்று அலறினேன். இவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தைக் காலியாக விட்டால் அவருடைய திட்டமே ஓட்டை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேஜையைச் சாமிப் பெட்டிக்கு மேலாக நாலு காலில் நிறுத்தி, சுமையெல்லாம் மேஜை மேல். சாமிக்கு ஒரு மண்டபம் ஆயிற்று. எனக்கும் திருப்தி.

மண்டபத்துக்கு அடுத்தபடியாக இவருடைய இரும்பு மேஜை. ஒரு பக்கம் பீரோ, ஃப்ரிட்ஜ். மறுபக்கம் கட்டில் சட்டங்கள், மடக்கு நாற்காலிக் கட்டு, சோபா, மெத்தை. மேஜைகளுக்கு அடியில் இருந்த இடத்தில்கூடத் தலையணைகளையும் துணி மூட்டைகளையும் திணித்தார்கள். பொய் சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு எறும்பு உள்ளே போக வேண்டுமானால் இன்னொரு எறும்பு வெளியே வர வேண்டும். இவர் கதவுக்கு முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

எட்டு மணிக்கு வண்டி கிளம்பியது. நாங்கள் ஆட்டோவில் பின்னால். ஒரு தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிப் போன தெருவில் முட்டியளவு மழைத் தண்ணீர். ஆழ்வார்பேட்டையில் ஒரே சிக்னலில் நாலு பச்சை பார்த்தோம். ஆட்டோவில் இருந்த நேரம் முழுக்க நான் இவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஒரே லோடாம், ஒரே ட்ரிப்பாம். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு செய்தவன் பேச மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டூர்புரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பது. தரைத்தள வீடு; வாசலிலேயே வண்டி நின்றது. தூறல். பாய் டயருக்கு அண்டை கொடுக்க நாலு செங்கல்லை வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். நான் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

"பாய், மொதல்ல அந்தச் சாமிப் பெட்டியையும் அடுப்பையும் எடுங்கோ."

பாய் இவரைப் பார்த்தார். இவர் டயரைப் பார்த்தார். ஆண்டனிதான் மெதுவாகக் கையை நீட்டிக் காட்டினார். "அதுவாமா? அது அங்க கீது."

அவர் விரல் போன திசையில் சோபா. சோபாவுக்குப் பின்னால் மெத்தை. அதற்குப் பின்னால் கட்டில், இரும்பு மேஜை, எங்கள் இருபத்தொன்பது வருஷ சம்சாரம் மொத்தமும். அத்தனைக்கும் பின்னால், மண்டபத்தில், ராமர்.

முதலில் ஏறியது கடைசியில்தான் இறங்கும். பி.காம். படித்த எனக்கு இது ஐம்பத்தாறாவது வயசில், தெருவில் நின்றுகொண்டு, கையில் பால் பாக்கெட்டோடுதான் புரிந்தது.

"ஏன் சொல்லலை?" என்று இவர் மேல் பாய்ந்தேன்.

"சொல்ல வந்தேன்."

"வந்தா சொல்ல வேண்டியதுதானே?"

"பேசாதீங்கோன்னியே."

பாய் பக்கம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லியிருக்கப்படாதா?"

"நான் எப்டிமா சொல்றது?" என்றார் அவர் பரிதாபமாக. "சாமியக் கடைசியா ஏத்துங்கன்னு கரீமுல்லா சொன்னான்னு நாளைக்கு நாலு பேரு பேசுனா? எனக்கு பாதி பொழப்பே மயிலாப்பூர்லதான் கீது."

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. இவரையும் சொல்ல முடியவில்லை. திட்டுவதற்கு ஆளே இல்லாமல் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. இருபத்தாறு வருஷம் காத்திருந்துவிட்டு, இந்தப் பாழாய்ப்போன வாயால் நானே கெடுத்துக்கொண்டேன்.

"எல்லாத்தையும் எறக்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார் இவர்.

"சார், அவ்ளோ டைட்டா வச்சிக்கீறோம். ஒரு மணி நேரம் ஆவும்."

இவர் ஃபைலைத் திறந்தார். எனக்கு அதைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. சாப்பாட்டு மேஜையின் பக்கத்தைப் புரட்டினார், இரும்பு மேஜையின் பக்கத்தைப் புரட்டினார். "அடியில இருபத்தாறு அங்குலம். இதுலயும் இருபத்தாறு" என்றார். "ரெண்டு மேஜைக்கும் அடி வழியாப் போயிடலாம். சோபாவையும் மெத்தையையும் மட்டும் எறக்குங்கோ. அப்புறம் தலையணையெல்லாத்தையும் உருவிடுங்கோ."

சோபா தெருவுக்கு வந்தது. நடைப்பயிற்சியிலிருந்த ஒருவர் அதில் உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மெத்தை, தலையணைகள், துணி மூட்டைகள், ஏழெட்டு அட்டைப் பெட்டிகள் எல்லாம் தூறலில் இறங்கின. உள்ளே ஒரு பொந்து தெரிந்தது. ஆண்டனி குனிந்து தலையை உள்ளே விட்டார். தோள் போகவில்லை.

"நான் போறேன்" என்று இவர் வேட்டியைத் தார் பாய்ச்சினார்.

"வேண்டாம்னா. அறுபத்திரண்டு வயசாறது உங்களுக்கு."

"மணி என்ன?"

"பத்து அஞ்சு."

அவ்வளவுதான். தவழ்ந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் உள்ளங்கால் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. நான் ராமா ராமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த ராமரைக் கூப்பிடுகிறேனோ, அவரை எடுத்துவரத்தான் இவர் போயிருந்தார்.

"பெட்டி வராது, மேஜைக் கம்பி இடிக்கறது. ஒண்ணொண்ணா எடுத்துத் தரேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ராமர் வந்தார். விளக்கு வந்தது. பானை, உப்பு, மஞ்சள், தீப்பெட்டி வந்தன. பொந்தின் வாயில் குப்புறப் படுத்திருந்த ஆண்டனி ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தார்.

"அடுப்பு?"

"பீரோவுக்கு அந்தண்டை இருக்கு. அசைக்கக்கூட முடியலை."

அடுத்த நொடி உள்ளே தடால் என்று சத்தம். மடக்கு நாற்காலிக் கட்டு சரிந்து பொந்தை அடைத்துவிட்டது. காலி இடம் விட்டால் சாமான் நடமாடும் என்று இவர் சொன்னது எவ்வளவு சரி!

"சார் உள்ள மாட்டிக்கினாரு!" என்று ஆண்டனி கத்தினார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றது உள்ளே இருந்த குரல். "காத்து வரது. ஆனா வெளில வர வழியில்லை."

"அவசரப்பட்டு இழுத்தா கட்டிலு மேல சாஞ்சிரும்மா" என்றார் பாய். "பொறுமையா பிரிக்கணும். அரை மணி ஆவும்."

மணி பத்து பன்னிரண்டு. ராமர் என் கையில், பால் என் கையில். அடுப்பும் இல்லை, ஆத்துக்காரரும் இல்லை.

மாடி வீட்டு பால்கனியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் ஜாஸ்மின் என்று அப்புறம் தெரிந்தது. "ஆன்ட்டி, எங்க கரண்ட் அடுப்பு தரட்டுமா?" என்றாள். நல்ல பெண். ஆனால் இரவல் அடுப்பில் முதல் பால் பொங்கினால் ஆயுசுக்கும் இரவல்தான். வேண்டாம்மா என்றேன்.

பாய் யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து டயருக்கு அடியிலிருந்து மூன்று செங்கல்லை எடுத்தார். "வண்டிய கியர்ல போட்டுக்கீறேன். நாலாவது கல்லு போதும். இது இரவல் இல்லமா. வண்டி வாடகையிலயே சேத்தி."

அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. கல்லைக் கழுவிச் சமையலறைத் தரையில் முக்கோணமாக வைத்தேன். ஆனால் எரிப்பதற்கு? தெருவில் கிடந்த அட்டைப் பெட்டியெல்லாம் நனைந்து ஊறிப் போயிருந்தது. திரும்ப வண்டிக்கு ஓடினேன்.

"ஏன்னா, எரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை!"

"ஃபைலை எடுத்துக்கோ" என்றார். "ஃப்ரிட்ஜ் மேல வெச்சேன். பிளாஸ்டிக் உறை. நனைஞ்சிருக்காது."

"மூணு மாசம் உக்காந்து போட்டதுன்னா."

"ஏத்தியாச்சு. எறக்கறதுக்கு எதுக்குப் பிளான்?"

"நீங்க இல்லாம எப்படிப் பால் காய்ச்சறது?"

"ராகுகாலம் எனக்காக நிக்குமா? போ ரத்னா. உன் ஆசைதானே இது."

ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வலது காலை எடுத்து வைத்து, ராமரைச் சமையல் மேடையில் உட்காரவைத்து, உப்பு மஞ்சளை முன்னால் வைத்து, விளக்கை ஏற்றினேன். பானையில் ஒரு டம்ளர் பாலை ஊற்றினேன். ஃபைலைத் திறந்து, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் உருவினேன். 'உருப்படி 52. சுவாமி பெட்டி. கடைசியில் ஏற்று, முதலில் இறக்கு.' இத்தனை தெளிவாக எழுதியிருந்ததன் மேல் என் சிவப்புக் கோடு. சாட்சியத்தை விட்டுவைக்கலாமா? அதில்தான் தீக்குச்சியை வைத்தேன்.

அப்புறம் ஒவ்வொரு பக்கமாகச் சுருட்டிச் சுருட்டிப் போட்டேன். பீரோ எரிந்தது. கட்டில் எரிந்தது. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், சோபா எல்லாம் எரிந்தன. விளக்குமாறு மட்டும் தனியாகப் பளிச்சென்று எரிந்தது. பால் அசைகிற வழியாக இல்லை. கண்ணில் புகை, கையில் கடைசி நாலு பக்கம், மணி பத்து இருபத்தாறு. மூன்று பக்கங்களைச் சேர்த்துத் திணித்தேன். விளிம்பில் நுரை கட்டியது, ஏறியது, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்து செங்கல்லில் சுரீர் என்றது.

"பொங்கிருச்சு சார்!" என்று வாசலில் நின்ற ஆண்டனி லாரியைப் பார்த்துக் கத்தினார். லாரிக்குள்ளிருந்து இரும்பு மேஜையைத் தட்டும் சத்தம் கெட்டிமேளம் மாதிரி கேட்டது. பாய் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையா வேர்வையா என்று நான் கேட்கவில்லை.

ராமருக்குக் காட்டிவிட்டு, பாலில் பாதியைப் பாய்க்கும் ஆண்டனிக்கும் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். மீதியை டம்ளரில் எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினேன். நாற்காலிக் கட்டுக்கு நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. அதன் வழியாக ஒரு கை வந்து டம்ளரை வாங்கிக்கொண்டது. முழங்கை சிராய்த்திருந்தது. சொந்த வீட்டின் முதல் பாலை அந்த மனிதர் லாரிக்குள் உட்கார்ந்து குடித்தார்.

'அப்பவே சொல்ல வந்தேனே' என்று அவர் குத்திக் காட்டுவார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன்னா, தப்பு என் மேலதான்" என்றேன். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. அதுவும் ஒரு கையைப் பார்த்து.

"என்ன சொன்னே? நாற்காலி மறைக்கறது. இன்னொரு தரம் சொல்லு."

"நன்னாக் கேட்டிருக்கும். ஒரு தரம்தான்."

உள்ளே சிரிப்புச் சத்தம். "அந்தக் கடைசிப் பக்கத்தை என்ன பண்ணினே?"

"மொதல்ல அதைத்தான் கொளுத்தினேன்."

"பண்ணுவேன்னு தெரியும். அதான் நீ சேப்பு மையில அடிச்ச உடனேயே ஒரு போட்டோ எடுத்து வெச்சுண்டேன். போன்ல பத்திரமா இருக்கு."

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பாயும் ஆண்டனியும் கட்டிலைப் பிரிக்கக் கயிற்றோடு தயாராக நின்றார்கள்.

"அவசரமே இல்லை பாய்" என்றேன். "எல்லாத்தையும் வரிசைப்படி நிதானமா எறக்குங்கோ. இவர் அம்பத்திரெண்டாவதா வரட்டும்."

நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து காலி டம்ளரோடு கை மறுபடி வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் என்பது போல ஆடியது.